காய்ந்த இலை, ஒன்று

ஜூலை 26 வந்தால் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழு விடிவதற்குள் விழித்துக்கொள்ளும். கார்கில் வெற்றி நாள். பனிமலைப் பின்னணியில் தலைகீழாக நட்ட துப்பாக்கி, அதன்மேல் ஹெல்மெட், கீழே 527 பேருக்கு வீரவணக்கம். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பேன். அதில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் பேட்சில் செத்தவன் எவனும் கார்கிலில் சாகவில்லை. ஒருவன் பயிற்சி முடியும் முன்பே போய்விட்டான். ஒருவன் முதல் போஸ்டிங்கில், துப்பாக்கிச் சத்தமே கேட்காத ஒரு மலையில் போனான். இன்னொருவன் லீவில் வந்து, பைக்கில் போகும்போது லாரியில் அடிபட்டான். இவர்களுக்கென்று காலண்டரில் தேதி கிடையாது. குழுவில் யாராவது ஒருவன், பெரும்பாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல், "டேய், உடன்குடிக்காரன் இருந்தா இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பான்?" என்று கேட்பான். அப்புறம் ஒரு மணி வரை ஓடும்.

இவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எழுத வைத்தது ஒரு ஃப்ளெக்ஸ். போன வருடம் போடிக்காரனின் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து அவனுக்கு நினைவுநாள் கொண்டாடி, முச்சந்தியில் பெரிதாக ஒன்று வைத்திருந்தார்கள். அதன் போட்டோ குழுவுக்கு வந்தது. "எல்லையில் எதிரிகளோடு தீரத்துடன் போரிட்டு வீரமரணம் எய்திய மாவீரன்" என்று போட்டு, எங்கள் பையனின் பாஸ்போர்ட் சைஸ் முகத்தை எடுத்து எவனோ ஒரு கமாண்டோவின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கையில் அவன் தொட்டே பார்த்திராத துப்பாக்கி. போதாததற்கு மீசை வேறு. அவன் அம்மாவைப் போய்ப் பார்த்த எங்கள் ஆள் சொன்னான், அந்தம்மா ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எம்மகனுக்கு ஏதுப்பா மீசை? இது யாரு?" என்று கேட்டார்களாம்.

அந்தப் பையன்களைத் திட்ட மனமில்லை. சொந்தக் காசைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அந்த ஃப்ளெக்ஸ் ஆகவில்லை. எதிரி சுட்டான், செத்தான் என்றால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அவன் எப்படிச் செத்தான் என்பதில் கேட்க நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்களைப் போடப் போவதில்லை. வீட்டு மனிதர்கள் இருக்கிறார்கள். எந்த மையம், எந்த யூனிட் என்பதும் வேண்டாம். நாங்கள் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில் என்பது போதும். பட்டாளத்தில் எப்படியும் ஊரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டோம். உடன்குடிக்காரன், போடிக்காரன், நான் சாத்தூர்க்காரன்.

பயிற்சி மையம் இருந்தது வடக்கே, மரம் குறைந்த ஒரு பொட்டல் சமவெளியில். விடியக்காலை விசில். பீட்டி, டிரில், ஆயுதப் பாடம், மறுபடி டிரில், சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ரோல் கால். இடையில் ரகடா. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: ஒருவன் செய்த தப்புக்கு எல்லோரும் மண்ணில் உருளுவது. எங்களுக்குப் பாதி ரகடா விழுந்தது இந்தி தெரியாததால். பயிற்சி தரும் உஸ்தாத் "தாயே" என்றால் வலது, "பாயே" என்றால் இடது. உடன்குடிக்காரன் முதல் வாரம் "தாயே" என்று கேட்டதும் கும்பிடப் போய்விட்டான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அது அவன் கட்டிய கதை என்றுதான் நினைக்கிறேன். நன்றாகக் கதை கட்டுவான்.

அவன் ஓட்டத்தில் சூரன். தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடிப் பழகிய கால். ஒல்லி, கறுப்பு, பல் கொஞ்சம் முன்னால் இருக்கும். அவன் ட்ரங்க் பெட்டியில் எப்போதும் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி இருக்கும். இரவு விளக்கணைத்த பிறகு கம்பளிக்குள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரனுக்கும் ஒரு துண்டு நீட்டுவான். கணக்கு வைத்துக்கொள்வான், யாருக்கு எத்தனை துண்டு என்று. சம்பளம் வந்ததும் ஒரு துண்டுக்கு ஒரு டீ. தர்மப் பிரபு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கணக்கில் படு கறார்.

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் ஒரு தேர்வு: ரைஃபிள், முதுகில் பிட்டு எனும் பை, இடுப்பில் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் ஐந்து கிலோமீட்டர், குறித்த நேரத்துக்குள். அவனுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் அதற்கு முந்தின இரவு அவனுக்குக் காய்ச்சல். இது பின்னால் தெரிந்தது. எம்ஐ ரூமில், அதாவது மருத்துவ அறையில், போய்ச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஓய்வு எழுதினால் தேர்வு போகும். தேர்வு போனால் அடுத்த பேட்சோடு சேர்த்துவிடுவார்கள். ரெலிகேஷன். ரக்ரூட்டுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. கூட வந்தவனெல்லாம் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடு முடித்து, தோளில் பட்டையோடு ஊருக்கு ரயில் ஏறும்போது இவன் மட்டும் புதுப் பையன்களோடு மறுபடி ஃபாலின் நிற்க வேண்டும். அவனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த லீவை மனதில் வைத்துத்தான் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மழை தொடங்குவதற்கு முந்தைய பருவம் அது. இரவு லேசாகத் தூறி, காலையில் புழுக்கம். இந்த மாதிரிப் புழுக்கத்தில் வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஓடுகிற சதை சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை. ஏற்கனவே காய்ச்சல் வேறு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி நின்றால் முதலில் மூளை தடுமாறும், அப்புறம் சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். இதில் ஒரு கொடுமை, சோம்பேறிக்கு இது வராது. மூச்சு வாங்கினால் அவன் நின்றுவிடுவான். உடம்பு நில் என்று சொல்லும்போதும் நிற்காமல் ஓடத் தெரிந்தவனைத்தான் இது பிடிக்கும்.

அவன் எல்லைக்கோடு தெரிகிற தூரத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினான். யாரோ கையைப் பிடித்தார்கள். தமிழில் என்னவோ திட்டிவிட்டுக் கையை உதறினான். அவன் திட்டி நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு விழுந்தான். நிழலுக்குத் தூக்கினோம், தண்ணீர் தெளித்தோம், வண்டிக்குக் காத்திருந்தோம். ஐஸ் தண்ணீரில் உடனே முக்கி, அரைமணி நேரத்துக்குள் சூட்டை இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று என்பதுதான் இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லும் பாடம். அன்றைக்கு அந்த மைதானத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நனைத்த டர்க்கி டவல்தான். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தான்.

அவன் உடைமைகளைக் கணக்கெடுக்க ஒரு கமிட்டி வந்தது. ராணுவத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய சொந்தப் பொருட்களை எடுத்து, பட்டியல் போட்டு, வாரிசுக்குச் சேர்ப்பதற்கு 1950-இல் போட்ட ஒரு சட்டமே இருக்கிறது. ஒரு ஆபீசர், ஒரு சுபேதார், எழுத ஒரு கிளார்க். தமிழ்ப் பையன் பெட்டி என்பதால் சாமான் என்னவென்று சொல்ல என்னை நிற்கச் சொன்னார்கள். வெள்ளை பெயிண்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு ட்ரங்க். பூட்டை உடைத்தார்கள். சாவி ஆஸ்பத்திரியில், அவன் அணிந்திருந்த கயிற்றோடு போயிருந்தது.

சட்டை, இரண்டு. லுங்கி, ஒன்று. முப்பது நாளில் இந்தி புத்தகம், ஒன்று. இன்லண்ட் லெட்டர் எழுதியது பதினாலு, எழுதாதது மூன்று. சாண்டல் பவுடர் பாதி டப்பா. கிளார்க் உத்தரப்பிரதேசத்துக்காரர், நிதானமான மனிதர், ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து எழுதினார். கொட்டானைத் தூக்கி "யே க்யா ஹை?" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியில் வெல்லம் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இந்தியில் குட் என்று எழுதினார். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். திருச்செந்தூர் இலை விபூதி. பன்னீர் இலையில் மடித்துத் தருவார்களே, அது. அவன் அம்மா அனுப்பியதாக இருக்கும். பிரித்தால் திருநீறு எப்போதோ தீர்ந்துபோய் இலை மட்டும் இருந்தது. இது சாமி சமாச்சாரம் என்று சொல்லத் தெரியாமல் மேலே கையைக் காட்டினேன். அவர் யோசித்து, "காய்ந்த இலை, ஒன்று" என்று எழுதிக்கொண்டு, தூக்கிப் போடாமல் மறுபடி காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்த மனிதருக்கு அதற்காக இன்றைக்கும் ஒரு சல்யூட்.

கருப்பட்டிக் கணக்கு நோட்டும் கிடைத்தது. என் பெயருக்கு நேரே ஆறு டீ.

அக்கா கல்யாணம் தள்ளிப் போய் மறு வருடம் நடந்தது. பேட்சில் இருந்து ரெண்டு பேர் போய் மொய் எழுதினார்கள். மையத்தில் அதன் பிறகு சில வாரம் ஃபாலினில் உஸ்தாத் தினமும் "கிஸி கோ புகார்?" என்று கேட்பார். யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா? ஒருத்தனும் கை தூக்கவில்லை. அதில் ரெண்டு மூன்று பேருக்கு நிச்சயம் இருந்திருக்கும்.

போடிக்காரன் வேறு ரகம். குண்டுக் கன்னம், தூக்கப் பிரியன், நின்றபடியே தூங்குவான். ஏலக்காய் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவரின் மகன். எங்கள் இருவருக்கும் முதல் போஸ்டிங் லடாக் பக்கம் என்று வந்ததும் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது, இவன் சிரித்தான். "மாப்ள, நான் மலையில பொறந்தவன்டா. போடிமெட்டுக்கு நடந்தே ஏறுனவன்." போடிமெட்டு நாலாயிரத்துச் சொச்சம் அடி. லே நகரமே 11,500 அடி. எங்களைச் சண்டிகரில் விமானத்தில் ஏற்றி இறக்கிவிட்டபோது ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கியது.

இதற்கு ராணுவத்தில் திட்டமான ஏற்பாடு உண்டு. 12,000 அடி வரைக்கும் ஆறு நாள். முதல் ரெண்டு நாள் கட்டிலில் கிட, அப்புறம் மெல்ல நட, அப்புறம் சின்ன ஏற்றம். அதற்கு மேலே 15,000 வரை போக இன்னும் நாலு நாள். அதையும் தாண்ட இன்னொரு நாலு நாள். இந்தக் கணக்கு சும்மா வரவில்லை. 1962-இல் சீனாவோடு சண்டை வந்தபோது சமவெளியிலிருந்து பையன்களை அவசர அவசரமாக மலை உச்சிகளில் கொண்டுபோய் இறக்கினோம். சண்டை முடிந்த பிறகும் அங்கே ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்துச் செத்தவர்கள், முதலில் நிமோனியா என்று நினைக்கப்பட்டவர்கள், நிறைய. இந்தர் சிங் என்ற ராணுவ மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் மலைநோய் கண்ட 1,925 சிப்பாய்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1969-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்து, உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. இன்றைக்கு இமயமலைக்கு டிரெக்கிங் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் அந்தச் சிப்பாய்களின் மூச்சுத் திணறலும் இருக்கிறது.

முதல் தடவை போடிக்காரன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான், ஒன்றும் ஆகவில்லை. சமோசாவே தின்னக் கிடைக்காத ஒரு போஸ்டில் பல மாதம் இருந்தோம். ஸ்டவ் புகை மூக்கிலேயே படிந்துவிடும், காலையில் துப்பினால் கறுப்பாக வரும். அவன் அங்கேயும் நின்றபடி தூங்கினான். ஆபத்து வந்தது லீவு முடிந்து திரும்பியபோது. மேலே பல மாதம் பழகின உடம்பு, ஊரில் ஒரு மாதம் இட்லி தின்றுவிட்டு வந்தால் பழகியதையெல்லாம் மறந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். நமக்குத்தான் பழகிவிட்டதே என்ற தைரியம் மட்டும் மறப்பதில்லை. திரும்பி வருகிறவர்களை நுரையீரலில் நீர் கோக்கும் இந்த நோய், பட்டாளத்தில் சொல்லும் ஹாப்போ, தேடிப் பிடிக்கும் என்பது மருத்துவர்களுக்கு அப்போதே தெரிந்த சங்கதி.

அவன் ஒரு பை நிறைய முறுக்கும் அரைக்கிலோ ஏலக்காயும் கொண்டுவந்தான். போஸ்டில் அன்றிரவு ஏலக்காய் டீ. லேசாக இருமினான். வறட்டு இருமல். அங்கே எல்லோரும்தான் இருமுவோம். மறுநாள் கன்வாயில் கீழே இறங்கி லீவுக்குப் போக வேண்டியவன் ஒரு கேரளாப் பையன். போடிக்காரன் வந்து சேர்ந்ததால்தான் அவன் போக முடியும். இவன் உடம்பு சரியில்லை என்று படுத்தால் அவன் லீவு ரத்து. இவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதது அதனாலா, மலையில் பிறந்தவன் என்ற ரோஷத்தாலா என்று நாங்கள் குழுவில் எத்தனையோ ராத்திரி பேசியிருக்கிறோம். கேரளாக்காரனும் குழுவில் இருக்கிறான். அந்தப் பேச்சு வந்தால் அவன் மட்டும் ஒன்றும் எழுத மாட்டான்.

ஹாப்போ இரவில்தான் முற்றும். படுத்தால் மூச்சு கிடைக்காது. நடுராத்திரி அவன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நெஞ்சுக்குள் கொதிக்கிற உலைபோல ஒரு சத்தம். உதடு நீலம். துப்பியதில் இளஞ்சிவப்பு நுரை. இதற்கு முதல் மருந்து கீழே இறக்குவது. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, வைத்தோம். ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஆறு பேர் மாற்றி மாற்றி டார்ச் வெளிச்சத்தில் இறக்கினோம். வண்டி வரக்கூடிய இடத்துக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. டாக்டர் கைவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

உடலோடு துணைக்கு நான்தான் போனேன். பெட்டி ஊர் வந்து சேர்ந்து, எல்லாம் முடிந்து, ராத்திரி திண்ணையில் அவன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சண்டையா தம்பி?"

"இல்லங்கய்யா."

"வெடி கிடி?"

"இல்லங்கய்யா. ரொம்ப உசரம். காத்து கம்மி. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு."

அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "நாங்களும் மூட்டையோட ஏறுறோம். மூச்சு வாங்கும். ஒக்காந்தா சரியாப் போயிரும். அதுக்கா சாவாங்க?"

உட்கார்ந்தால் சரியாகாத உயரம் அது என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். எத்தனை நாள் எங்கே தங்க வேண்டும் என்பதையெல்லாம் கேட்டார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர், மேஸ்திரியிடம் கூலிக்கணக்குக் கேட்பதுபோல விடாமல் கேட்டார். அவர் இப்போது இல்லை. அந்த ஃப்ளெக்ஸை அவர் பார்த்திருந்தால், எந்த எதிரி என்று கண்டிப்பாகக் கேட்டிருப்பார்.

இனி கொஞ்சம் காகித விவகாரம். படித்தே ஆக வேண்டும், குறிப்பாக பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்ப இருப்பவர்கள். ராணுவக் கணக்கில் இறப்பு ரெண்டு தலைப்பில் போகும். போர் இழப்பு, உடல் இழப்பு. சண்டை, தீவிரவாதத் தாக்குதல் போன்றவை முதலாவது. பயிற்சி விபத்து, நோய் போன்றவை ரெண்டாவது. போர் இழப்பு என்றால் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் பென்ஷன். பணியால் நேர்ந்த சாவு என்று ஒப்புக்கொண்டால் 60 சதவீதம். பணிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால், முதல் சில வருடம் போக, 30 சதவீதம். பைக் விபத்தில் போன எங்கள் மூன்றாமவனின் மனைவிக்கு வந்தது இந்தக் கடைசி வகை. ஆக, எப்படிச் செத்தான் என்று ஒரு கோர்ட் ஆஃப் என்கொயரி எழுதும் நாலு வரியில் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது. அந்த நாலு வரிக்கு சாட்சி சொல்லக் கூப்பிட்டால், தம்பிகளே, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்ட்மீது பனிப்பாளம் சரிந்து 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனில் பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நாலு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டு, 11-ஆம் தேதி டெல்லியில் இறந்தார். நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர்களையும் எவனும் சுடவில்லை. 1984 ஏப்ரலில் சியாச்சினில் ஏறியதிலிருந்து நாம் அங்கே இழந்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது குளிரும் பனியும் உயரமும்தான். இது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பயிற்சி மைதானத்தில் போகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் இன்னும் விழவில்லை. டெல்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறந்த தேசிய போர் நினைவிடத்தின் கிரானைட் சுவர்களில் கிட்டத்தட்ட 26,000 பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. போய் நின்று பார்த்தேன். நல்ல இடம், அமைதியாக வைத்திருக்கிறார்கள். உடன்குடிக்காரன் அதில் இருக்க மாட்டான் என்று தெரிந்தேதான் போனேன். அது போருக்கான இடம், அந்த வரையறையில் எனக்குச் சண்டையில்லை.

இப்போது அக்னிவீர் வந்துவிட்டது. 2022-இல் தொடங்கிய திட்டம், நாலு வருடம், பென்ஷன் கிடையாது. இறந்தால் 48 லட்சம் காப்பீடு, பணியால் நேர்ந்த சாவென்றால் மேலும் 44 லட்சம், மிச்ச காலச் சம்பளம். பணியில் உயிரிழந்த முதல் அக்னிவீர் கவாட்டே அக்ஷய் லக்ஷ்மண், மகாராஷ்டிரத்துப் பையன், 2023 அக்டோபரில், சியாச்சினில். தொகை பெரிதுதான். ஆனால் நாலு பேரில் ஒருவனைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்றால், காய்ச்சலைச் சொல்லி ஒரு மார்க் இழக்க எந்தப் பையன் துணிவான்? எங்களுக்கு ரெலிகேஷன் பயம் ஆறு மாதத்துக்கு. இவர்களுக்கு நாலு வருடம். திட்டம் போட்டவர்கள் இதை யோசித்தார்களா என்று எனக்கு ஐயம்.

பின்னாளில் சிக்கிமுக்கு மாற்றலாகிப் போனபோது பாபா ஹர்பஜன் சிங் கோயிலைப் பார்த்தேன். நாதுலா பக்கம், பதின்மூவாயிரம் அடியில். அங்கே சொல்லப்படும் கதை இது: பஞ்சாப் ரெஜிமெண்ட் சிப்பாய், சேர்ந்து ரெண்டு வருடம், வயது 22. 1968 அக்டோபர் 4-ஆம் தேதி கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போஸ்டுக்குப் போகும்போது ஓடையில் தவறி விழுந்து அடித்துச் செல்லப்பட்டான். போர் எதுவும் இல்லை. சாமான் கொண்டுபோன வேலையில் நேர்ந்த சாவு. அவனுக்கு அங்கே கட்டில் விரித்திருக்கிறது, சீருடை தேய்த்து மாட்டியிருக்கிறது, பூட்ஸ் பாலிஷ் போட்டிருக்கிறது. ஓய்வு வயது வரும்வரை வருடா வருடம் லீவு கொடுத்து, ஜீப்பில் பெட்டியை ஏற்றி, நியூ ஜல்பாய்குரியில் ரயிலில் ஒரு பெர்த் போட்டுக் கபூர்தலாவில் இருக்கும் அவன் ஊருக்கு அனுப்பினார்கள். கௌரவ கேப்டன் வரை பதவி உயர்வு. எல்லையில் அவன் இன்னும் ரோந்து போகிறான் என்பது அங்கிருப்பவர்கள் நம்பிக்கை. எனக்குப் பேய் பிசாசில் பிடிப்பில்லை. ஆனால் ஓடையில் விழுந்து செத்த ஒரு சின்னப் பையனை "இவன் எங்கள் ஆள், டியூட்டியில் இருக்கிறான்" என்று ஒரு ரெஜிமெண்டே பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்து பூட்ஸ் மாட்டும்போது எங்கள் ரெண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன்.

நமக்கு மட்டும் இது தெரியாததா என்ன? செங்கம் வட்டாரம் முழுக்க நடுகல். மகேந்திர பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், செத்த வீரனோடு அவன் நாய்க்கும் உருவம் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்வர்களைக் கடித்துக் காத்ததையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்தச்சன் நாயை சிங்கமாக்கவில்லை. நாயாகவே செதுக்கினான், செய்ததை எழுதினான். நம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஊரில் ராணுவத்துக்குத் தயாராகும் பையன்கள் காலையில் ரோட்டில் ஓடும்போது என்னிடம் நின்று டிப்ஸ் கேட்பார்கள். 1600 மீட்டர் ஓட்ட நேரத்தை எப்படிக் குறைப்பது, புல்-அப்ஸ் எப்படி ஏற்றுவது. சொல்லித் தருவேன். கடைசியில் உடன்குடிக்காரனைப் பற்றியும் போடிக்காரனைப் பற்றியும் சொல்லுவேன். முகம் மாறும். ஒருவன் கேட்டான், "அண்ணே, காய்ச்சல்னு சொன்னா வெளிய அனுப்பிர மாட்டாங்களாண்ணே?" ஒரு பேட்ச் பின்னால் போவாய், வேறொன்றும் இல்லை என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. எங்களிடம் யாராவது சொல்லியிருந்தாலும் நாங்களும் நம்பியிருக்க மாட்டோம்.

போடிக்காரனின் அம்மாவுக்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்று கொடுக்கப் பேட்சில் முறை வைத்துப் போகிறோம். அந்தம்மா ஏலக்காய் ஆய்ந்து ஆய்ந்து கைரேகையே தேய்ந்துபோனவர்கள், மிஷினில் விரல் விழாது. போன தடவை கோயம்புத்தூர்க்காரன் போனில் முகத்தைக் காட்டிப் பதிந்துவிட்டான். இந்த வருடம் என் முறை. என் போன் பழசு, கேமரா மங்கல். என் பையன் போனை வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வைத்த தம்பிகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். மீசை இல்லாத போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது, லேயில் எடுத்தது, பாதிக் கண் மூடிய நிலையில். இந்தத் தடவை அதைப் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். வாசகம் அவர்கள் எழுதட்டும், என்ன நடந்தது என்று நான் சொல்லிவிடுகிறேன்.